உளுந்துக்கு ஆகும் மருந்து நெல்லுக்கு ஆகாது: களைக்கொல்லி அடிக்கப் பழகுகிறவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன், மாசி மாதம். நெல் தரிசில் போட்ட உளுந்து பூவெடுக்கும் நேரம். காய் நன்றாகப் பிடிக்கட்டும் என்று 2% டி.ஏ.பி. கரைசல் அடிக்க ஆள் வந்தார், தெளிப்பானும் அவரே கொண்டு வந்தார். அடித்தது வெறும் உரக் கரைசல்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், முதல் மூன்று டேங்க் விழுந்த இடத்தில் மட்டும் செடியெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. இலைக்காம்பு கீழே வளைந்து, கொழுந்து கிண்ணம்போலக் குவிந்து, தண்டில் அங்கங்கே வீக்கம். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தெளிப்பான் முந்தின வாரம் ஒரு கரும்புக் கொல்லையில் 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்தது. ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினாராம்.

அந்த 2,4-டி-யை உரிய பருவத்தில் என் நெல்லில் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கோரையும் அகன்ற இலைக் களையும் செத்திருக்கும், நெல் அப்படியே நின்றிருக்கும். காவிரிப் படுகையில் நெல்லையும் உளுந்தையும் மாற்றி மாற்றிப் போடுகிற நாம் களைக்கொல்லி அடிக்கப் பழகும்போது முதலில் மண்டையில் ஏற்ற வேண்டியது இதைத்தான். நெல்லுக்குப் பாதுகாப்பான மருந்தில் பாதி உளுந்துக்கு எமன். உளுந்துக்குப் பாதுகாப்பான மருந்தில் ஒன்று நெல்லை வேரோடு முடித்துவிடும்.

தேர்ந்து கொல்வது எப்படி

கிளைபோசேட், பாராகுவாட் போன்றவை பச்சையாக எது இருந்தாலும் கொல்லும். அவற்றைப் பயிர் நிற்கும் வயலுக்குள் கொண்டுபோக வேண்டாம், இங்கே அவற்றைப் பற்றிப் பேசவும் போவதில்லை. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்துகள் வேறு. அவற்றில் பலவும் பயிருக்குள்ளும் போகத்தான் செய்கின்றன. நெல் பிஸ்பைரிபேக் சோடியத்தை உறிஞ்சும், ஆனால் சீக்கிரமே உடைத்துச் செரித்துவிடும். குதிரைவாலி என்ற புல் களையால் அது முடியாது. மக்காச்சோளம் அட்ரசினைச் செரிப்பதும் இப்படித்தான். ஆகவே பயிர் தெம்பாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். துத்தநாகப் பற்றாக்குறையில் வெளுத்த நெல், நாலு நாள் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த நெல் ஆகியவற்றுக்குச் செரிக்கும் சக்தி குறைவு. அந்த நேரத்தில் அடித்தால் மஞ்சளடித்து ஒரு வாரம் பின்தங்கும்.

நெல்லுக்குள் புல்லைக் கொல்வதும், பயறுக்குள் அகன்ற இலைக் களையைக் கொல்வதும் சிரமம். சொந்தக்காரனைக் குறிபார்ப்பது மாதிரி. நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் பார்லிக்கு அடியில் குளோவர் என்ற மூவிலைத் தீவனத்தை விதைப்பார்கள். அதுவும் பயறு வகைக் குடும்பம், 2,4-டி பட்டால் அடிபடும். அங்கே 2,4-டி.பி. என்ற சகோதர மருந்தை அடிக்கிறார்கள். அது தானாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. களைச்செடி அதை உள்ளே வாங்கி, தானே 2,4-டி-யாக மாற்றிக்கொண்டு சாகும். குளோவருக்கு அப்படி மாற்றும் திறமை குறைவு, அதனால் பிழைத்துக்கொள்ளும். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த தந்திரம் இதுதான்.

களையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

"களைக்கொல்லி ஒன்று கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எது அதிகம் விற்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன் வயலில் நாலு இடத்தில் இறங்கிக் களையைப் பிடுங்கி மூன்று குவியலாகப் போடுங்கள். புல் வகை: குதிரைவாலி, சில்லிப்புல். கோரை வகை: தண்டை விரலில் உருட்டினால் பெரும்பாலும் மூன்று பட்டை தட்டுப்படும். மூன்றாவது அகன்ற இலை வகை: கரிசலாங்கண்ணி, நீர்மேல் நெருப்பு, ஆரைக்கீரை, நீர்க்கிராம்பு.

குவியலில் பாதிக்கு மேல் சில்லிப்புல் என்றால் பிஸ்பைரிபேக் வாங்காதீர்கள், அதனிடம் சில்லிப்புல் அவ்வளவாக அடங்காது. குதிரைவாலியெல்லாம் செத்து, சில்லிப்புல் இடம் கிடைத்த சந்தோஷத்தில் தழைக்கும். அதற்கு சைஹேலோபாப் பியூட்டைல், பினாக்சாபிராப் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அவை கோரையையும் அகன்ற இலையையும் தொடாது. பினாக்சாபிராப்போடு 2,4-டி-யைச் சேர்த்து ஒரே டேங்கில் அடித்தால் புல்லைக் கொல்லும் வேகம் மட்டுப்படும். இரண்டையும் தனித்தனி நாளில் அடியுங்கள்.

களைநெல்லுக்கு மட்டும் இந்த வழியே கிடையாது. அதுவும் நெல்தான். நெல்லை விடும் மருந்து அதையும் விடும். விதை சுத்தம், கையால் பிடுங்குவது, இவைதான் முக்கிய வழி.

எந்த நாளில் எந்த மருந்து

மருந்தின் பெயருக்குப் பின்னால் வரும் எண் அதில் உள்ள மருந்தின் சதவீதம், இ.சி., எஸ்.சி., எஸ்.எல். என்பவை பாட்டிலில் போட்டிருக்கும் தயாரிப்பு வகை. நடவு வயலுக்கு முதல் மருந்து களை முளைக்கும் முன் போடுவது. பூட்டாகுளோர் 50 இ.சி. ஏக்கருக்கு 1 லிட்டர், அல்லது பிரிட்டிலாகுளோர் 50 இ.சி. ஏக்கருக்கு 400 முதல் 600 மில்லி. நடவு நட்ட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து சீராக விசிற வேண்டும். வயலில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கட்டும், அடுத்த மூன்று நான்கு நாள் வடிக்காதீர்கள், புதிதாகப் பாய்ச்சவும் வேண்டாம். மருந்து மண்ணின் மேல்தோலில் ஒரு படலமாகப் படிந்து, முளைத்து வரும் களையை அங்கேயே மடக்கும். மேடுபள்ளமான வயலில் மேடெல்லாம் தண்ணீருக்கு வெளியே நிற்கும், களையும் சரியாக அங்கேதான் வரும். நாற்றங்காலில் பரம்படித்த அக்கறை நடவு வயலிலும் இருந்தால் மருந்துச் செலவே குறையும். எட்டாம் நாள் ஞாபகம் வந்து பூட்டாகுளோர் போட்டுப் பயனில்லை. முளைத்து நிற்கும் களையை அது ஒன்றும் செய்யாது.

இந்தப் பத்தியைப் புதியவர்கள் இரண்டு தடவை படியுங்கள். சேற்றில் நேரடியாக விதைத்த நெல்லில் சாதாரண பிரிட்டிலாகுளோர் 50 இ.சி.-யைப் போடக்கூடாது. முளைக்கும் நெல்லையும் அது சேர்த்து அமுக்கிவிடும். நேரடி விதைப்புக்கென்று பயிர்க்காப்புப் பொருள் சேர்த்த பிரிட்டிலாகுளோர் 30.7 இ.சி. தனியாக வருகிறது. அதில் இருக்கும் ஃபென்குளோரிம் என்ற பொருள், மருந்தைச் செரிக்க நெல் முளைக்கு உதவும். விதைத்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், ஏக்கருக்கு 600 மில்லி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாறிப்போகும். பாட்டிலில் 50 என்று இருக்கிறதா, 30.7 என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். புழுதி விதைப்பு என்றால் பென்டிமெத்தலின் 30 இ.சி. ஏக்கருக்கு 1.3 லிட்டர், விதைத்து ஈரம் கிடைத்த மூன்று நான்கு நாளுக்குள்.

களை முளைத்த பின் அடிப்பதில் எல்லோரும் எடுப்பது பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி., ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. களைக்கு மூன்றிலிருந்து ஐந்து இலைக்குள் இருக்க வேண்டும். நடவில் அது ஏறக்குறைய 10 முதல் 14 நாள், நேரடி விதைப்பில் 15 முதல் 25 நாள். நாளை எண்ணுவதைவிடக் களையின் இலையை எண்ணுவது நல்லது. அடிக்கும் முன்தினம் தண்ணீரை வடித்துவிடுங்கள், களை முழுக்க வெளியே தெரிய வேண்டும். அடித்து இரண்டு மூன்று நாளில் மறுபடி தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்துங்கள். தண்ணீர் கிடைக்காமல் வயல் வெடிக்க விட்டவர்கள்தான் "மருந்து கேட்கல" என்று அதிகம் சொல்கிறார்கள்.

2,4-டி அடிப்பதானால் தூர் கட்டத் தொடங்கிய பிறகு, கதிர் உருவாவதற்கு முன். நட்ட மூன்றாவது நான்காவது வாரம் அதற்கு வாகு. முன்னே அடித்தால் இலை வெங்காயத் தாள்போலச் சுருளும், பின்னே அடித்தால் கதிர் கோணும். ஈஸ்டர் வடிவ 2,4-டி ஆவியாகிப் பறக்கும். பருத்தி, தக்காளி, திராட்சை, உளுந்து பக்கத்தில் இருந்தால் அந்த வடிவத்தை நினைக்கவே வேண்டாம்.

மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போடுவதாக இருந்தால் அட்ரசின் கூடாது, பென்டிமெத்தலின்தான்.

மா, ஏக்கர், டேங்க்

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. பாட்டிலில் ஹெக்டேர் கணக்கு, கடைக்காரர் வாயில் ஏக்கர் கணக்கு, நம் மனதில் மா கணக்கு. நூறு குழி ஒரு மா, மூன்று மா சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேர். ஏக்கருக்கு 100 மில்லி என்றால் மாவுக்கு 33 மில்லி. "ரெண்டு மாவுக்கு ஒரு பாட்டில் ஊத்திடுவோம், நல்லா கேட்கும்" என்று அடித்துவிட்டு, பயிர் வெளுத்த பிறகு துத்தநாக சல்பேட் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

டேங்குக்கு எத்தனை மில்லி என்று கடையில் கேட்காதீர்கள். நீங்கள் நடக்கும் வேகமும் உங்கள் நாசிலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக் களத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போடுங்கள். டேங்கில் அளந்து பச்சைத் தண்ணீர் ஊற்றி, வயலில் நடப்பதுபோலவே நடந்து அந்தக் கட்டத்தை அடியுங்கள். சேற்றில் நடை தளரும், அதையும் மனதில் வைத்து மெதுவாகவே நடங்கள். மிச்சத்தை அளந்தால் எவ்வளவு செலவானது என்று தெரியும். எனக்கு 4 லிட்டர் வந்தது. ஏக்கர் என்பது இப்படி 40 கட்டம். 4 லிட்டர் 40 தடவை என்றால் 160 லிட்டர். 16 லிட்டர் தெளிப்பானில் அது 10 டேங்க். ஆக 100 மில்லி மருந்தை 10 டேங்குக்குப் பிரித்தால் டேங்குக்கு 10 மில்லி. உங்களுக்கு 3 லிட்டரோ 5 லிட்டரோ வரலாம். ஆள் மாறினால், நாசில் மாறினால் திரும்ப அளக்க வேண்டும். மூடியால் அளப்பதை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் இருமல் மருந்தோடு வரும் மில்லி கோடு போட்ட சின்னக் குவளை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு அந்தக் குவளை வீட்டுக்குள் வரக்கூடாது.

நாசில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பூச்சிமருந்து அடிக்கும் கூம்பு நாசில் புகைபோல நுண்துளி விடும், அது காற்றில் போகும். களைக்கொல்லிக்கு விசிறி வடிவில் தட்டையாக விழும் நாசில் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. குழலை இடமும் வலமும் வீசி அடிக்காமல், ஒரே உயரத்தில் பிடித்து நேராக நடக்க வேண்டும். வீசி அடித்த வயலைப் பதினைந்தாம் நாள் வரப்பிலிருந்து பார்த்தால் பாம்பு போன தடம்போல வளைவு வளைவாகக் களை நிற்கும். புகைபோல வீசும் விசைத்தெளிப்பான் களைக்கொல்லிக்கு ஆகவே ஆகாது.

கலப்பது எளிது. டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு வாளியில் தனியாகக் கரைத்து வைத்த மருந்து, பிறகு மீதித் தண்ணீர். குச்சியால் கலக்குங்கள். வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாசில் அடைக்கும். அடைத்த நாசிலை வாய் வைத்து ஊதுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று, மழை, உடம்பு

பனி காய்ந்த பிறகு காலை எட்டு எட்டரையிலிருந்து பத்து மணி வரை எனக்குச் சரிப்பட்ட நேரம். மூங்கில் இலை லேசாக அசைந்தால் அடிக்கலாம். கிளை ஆடினால் வீட்டுக்குப் போங்கள். காற்றே இல்லாத விடிகாலையும் நல்ல நேரமில்லை. மூடுபனி படிந்து கிடப்பதுபோல நுண்துளிகள் தரையோடு மிதந்து, நாம் நினைக்காத திசைக்குப் போய் இறங்கும். பிஸ்பைரிபேக் அடித்தால் ஆறு மணி நேரமாவது மழை கூடாது. ஐப்பசியில் அப்படி ஒரு நாள் கிடைப்பதே பெரிய காரியம், அதனால்தான் முளைக்கும் முன் போடும் மருந்தைத் தவறவிடாதீர்கள் என்கிறேன். பக்கத்து வயலில் என்ன நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் காற்று வீசினால் அன்றைக்கு ஒத்திப்போடுங்கள்.

காற்று இடப்பக்கமிருந்து வந்தால் குழலை வலப்பக்கம் பிடியுங்கள். முழுக்கைச் சட்டை, முழு கால்சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம். தலையில் கட்டிய துண்டை மூக்கில் இறக்கிவிட்டுக்கொள்வது காப்பாகாது, நனைந்த துண்டு மருந்தை மூக்கோடு ஒட்டி வைக்கும். ஆபத்து அதிகம் நீர்த்த கரைசலில் இல்லை, பாட்டிலைத் திறந்து அளக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஆகவே அளக்கும்போது கட்டாயம் கையுறை. பாட்டிலில் உள்ள முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் வரிசையைச் சொல்லும். பச்சை என்றாலும் வெறுங்கையால் கலக்கலாம் என்று அர்த்தமில்லை. அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். களைபறிக்க வரும் பெண்களிடம் எந்த வயலில் என்றைக்கு மருந்து அடித்தது என்று சொல்லிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இ.சி. வகையில் உள்ள எண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கூடவே எடுத்துப்போங்கள். மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றி வைக்கக் கூடாது, அதிலும் குளிர்பான பாட்டிலில் ஒருபோதும் கூடாது.

டேங்கின் ஞாபகசக்தி

முடிந்தால் களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பான் தனியாக வாங்கிச் சிவப்பு பெயின்டில் 'களை' என்று எழுதுங்கள். என் உளுந்து போன பிறகு நான் செய்த முதல் வேலை அது. ஒரே தெளிப்பான்தான் என்றால், தண்ணீரால் இரண்டு தடவை அலசி, பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பிக் குழல் வழியாகவும் கொஞ்சம் விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி இரண்டு தடவை அலசுங்கள். ரப்பர் குழாயிலும் வடிகட்டியிலும்தான் 2,4-டி ஒளிந்திருக்கும். கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம். பூட்டாகுளோரும் பிரிட்டிலாகுளோரும் மீனுக்குக் கடும் நஞ்சு. அடித்த வயலின் ஓரத்திலேயே ஊற்றிவிடலாம். காலி பாட்டிலை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை டேங்கில் சேர்த்து, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பட்டத்திலும் அடித்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வணிகப் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை. பிஸ்பைரிபேக், பைரசோசல்ஃபியூரான், பென்சல்ஃபியூரான், இமாசெத்தாபைர் என்று பெயர் மாறினாலும் நாலும் களையின் ஒரே நொதியைத்தான் தாக்குகின்றன. இதை விட்டு அதற்குத் தாவினால் மாற்றியதாக ஆகாது. பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் வருடக்கணக்காக ஐசோபுரோடூரானையே அடித்து, 1990-களின் தொடக்கத்தில் குருவிப்புல் அதற்கு அசையாமல் போனது. அங்கே கோதுமை விளைச்சலையே அது ஆட்டிப்பார்த்தது.

நெல் தரிசு உளுந்து

சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன், மண் மெழுகு பதத்தில் ஈரமாக இருக்கும்போது உளுந்து விதையைத் தெளித்துவிடுகிறோம். உழவு கிடையாது, அதனால் களை முளைக்கும் முன் போடும் மருந்துக்கு இங்கே இடமில்லை, மேலே நெல் நிற்கிறது. விதைத்த 15 முதல் 20 நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. குதிரைவாலியும், அறுத்த தாளில் துளிர்க்கும் நெல்லும் தொல்லை என்றால் குயிசலோபாப் ஈத்தைல் 5 இ.சி., ஏக்கருக்கு 400 மில்லி. அகன்ற இலைக் களையும் கலந்திருந்தால் இமாசெத்தாபைர் 10 எஸ்.எல். ஏக்கருக்கு 200 மில்லி சேர்த்துக்கொள்ளலாம். இமாசெத்தாபைர் பட்ட உளுந்து ஒரு வாரம் சற்று மஞ்சளாகத் தெரியும், பிறகு தேறிவிடும். மண்ணில் ஈரம் இருக்கும்போது அடியுங்கள், வாடிய களை மருந்தை வாங்காது. பக்கத்தில் யாராவது கோடை நெல்லுக்கு நாற்று விட்டிருந்தால் குயிசலோபாப் அந்தப் பக்கம் ஒரு துளி போகக்கூடாது. மருந்து, அளவு, பருவம் எதில் சந்தேகம் என்றாலும் உழவர் அழைப்பு மையம் 1800 180 1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே கேட்கலாம்.

அடித்த மூன்றாம் நாள் புல் பச்சையாகவே நிற்கும். புதியவர்கள் பதறி இரண்டாம் தடவை அடிப்பது அப்போதுதான். ஒரு வாரம் பொறுங்கள். ஏழாம் நாள் காலையில் ஒரு குதிரைவாலியின் நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். வெளி இலை பச்சையாக இருந்தாலும் குருத்து மட்டும் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வரும், அடியில் பழுப்பாக அழுகியிருக்கும். வந்துவிட்டால் அந்தத் தெளிப்பானை எடுத்துக் கழுவ வைத்துவிடலாம்.